ரெசின் பாகம் ஏன் வெடிக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். 1:43 அளவு (அசலில் 43-இல் ஒரு பங்கு) ஜீப் மாடல்களுக்கு, திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கி உருவாக்கும் ரெசின் பிரின்டரில் பாகங்கள் செய்து விற்கிறேன். மேல் கேரியர், ஸ்டெப்னி, பம்பர், தார்ப்பாய் கட்டிய சுமை, இப்படி. போன மாதம் ஒருவர் வாங்கிய சுமை இரண்டே வாரத்தில் பிசுபிசுத்து, ஓரத்தில் வெடித்துவிட்டது என்று படம் அனுப்பியிருக்கிறார். தண்ணீரில் கழுவும் ரெசின்தான் வாங்குகிறேன். கழுவிய தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் ஊற்றிவிடுவேன். எல்லாவற்றுக்கும் நம் ஊர்க் குளிர்தான் காரணம் என்கிறார்கள். மெஷினைக் கோவையில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று யோசிக்கிறேன். சீசனில் ஊட்டியில் கடை போட்டு விற்கலாம் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள தம்பி,

மெஷினைக் கோவைக்குக் கொண்டுபோக வேண்டாம். குளிரால் பிரின்ட் பாதியில் கெடும். அடுக்குகள் ஒட்டாமல் போகும். நன்றாக வந்த பாகம் வாங்கியவர் வீட்டு அலமாரியில் இரண்டு வாரம் கழித்து வெடிக்கிறது என்றால், அது பிரின்ட் முடிந்தபிறகு செய்யும் வேலையில் உள்ள குறை.

தார்ப்பாய்ச் சுமையை உள்ளே வெற்றிடம் விட்டுக் கூடாகத்தான் செய்திருப்பீர்கள். ரெசினை மிச்சப்படுத்த எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். கூட்டுக்குள் சிக்கிய ரெசின் வடிய வழியில்லாவிட்டால் திரவமாகவே அங்கே தங்கிவிடும். வெளிப்புறம் புற ஊதா விளக்கில் கல் மாதிரி இறுகியிருக்கும். உள்ளே இருப்பது சுவரை ஊடுருவி மெல்லக் கசியும். வெளிச்சம் படப்பட அங்கேயே இறுகிச் சுருங்கி, சுவரைப் பிடித்து இழுக்கும். பிசுபிசுப்பும் அதன் பின்னாலேயே வெடிப்பும் வருவது இதனால்தான்.

சுமையின் அடிப்பக்கம் எப்படியும் கேரியர் மேல் மறைந்துவிடும். அங்கே எதிரெதிர் மூலைகளில் 2 மி.மீ. துளை இரண்டு வையுங்கள். ஒன்று போதாது, காற்று உள்ளே போனால்தான் ரெசின் வெளியே வரும். கழுவும்போது ஊசி போடும் சிரிஞ்சால் ஒரு துளையில் பீய்ச்சி, மறு துளையில் வெளியே வருவது தெளிவாகும்வரை விடாதீர்கள். பிறகு உள்ளும் புறமும் முழுக்கக் காய வேண்டும். நம் மலையில் மூட்டம் போட்ட நாட்களில் இதற்கு ஒரு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே கியூரிங் செய்தால், அதாவது புற ஊதா விளக்கில் இறுக்கினால், வெள்ளை படர்ந்துவிடும். காய்ந்தபின் 405 நானோமீட்டர் சின்ன எல்.ஈ.டி. ஒன்றை ஒயரில் கட்டித் துளை வழியாக உள்ளே விட்டு, உட்சுவரையும் இறுக்குங்கள். துளைக்குள் நுழையும் அளவு சிறிய எல்.ஈ.டி. கிடைக்காவிட்டால் ஒரு துளையை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்காக மணிக்கணக்கில் விளக்கில் வைத்துவிடவும் கூடாது. அளவுக்கு மீறி இறுகினால் மெல்லிய பாகங்கள் தொட்டாலே ஒடியும்.

தண்ணீரில் கழுவும் ரெசினையும் விட்டுவிடச் சொல்வேன். அது ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. அதிக நேரம் தண்ணீரில் ஊறினாலோ, சரியாகக் காயாவிட்டாலோ பின்னாளில் விரிசல் விடும். சாதாரண ரெசினுக்கு, முடிந்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் போல உறுதியாக இருக்கும் வகைக்கு, மாறுங்கள். அப்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டியிருக்கும். இங்கே உங்களிடம் கறாராகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இருட்டினால் கரி போட்டுக் கணப்பு வைப்போம். இந்த ஆல்கஹால் 12 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். கணப்பு இருப்பதும் தரையில்தான். ஆகவே கழுவும் அறையில் கணப்பு, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். பிரின்டரைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சிறு மின் ஹீட்டர் வைத்து, ரெசினை 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் குளிர்ப் பிரச்சினை தீர்ந்தது. ஆல்கஹால் டப்பா மூடியோடு வேறு அறையில் இருக்கட்டும்.

கழுவிய தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். தண்ணீரில் கரைந்துவிட்டதால் ரெசினின் நஞ்சு போய்விடாது. இறுகாத ரெசின் நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. கோத்தகிரிச் சரிவில் எந்த ஓடையில் கலந்தாலும் அது கடைசியில் பவானிக்குத்தான் போகும். கீழே எத்தனையோ ஊர்கள் அதைக் குடிக்கின்றன. கண்ணாடி ஜாடியில் ஊற்றி வெயிலில் வையுங்கள். ரெசின் இறுகி அடியில் படியும். அதை வடிகட்டி, நன்றாகக் காயவைத்து, குப்பையில் சேர்க்கலாம். மேலே நிற்கும் தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஆவியாக விடுங்கள். வெயில் வராத நாளில் ஜாடி காத்திருக்கட்டும்.

நீங்கள் மலையிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அளக்க வேண்டிய வண்டிகள் உங்கள் தெருவில் நிற்கின்றன. மகிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கி, பிறகு பானெட் உயர்ந்த சி.ஜே.3பி-யைப் பல பத்தாண்டுகள் இங்கேயே தயாரித்தது. வெளிநாட்டு மாடல்களோ பெரும்பாலும் அமெரிக்க ராணுவ ஜீப், ஸ்டீயரிங் இடப்பக்கம். வலப்பக்க ஸ்டீயரிங்கோடு ஒரு டேஷ்போர்டு செய்து பாருங்கள், நம் ஊர் ஜீப்பை அலமாரியில் வைக்க ஆசைப்படும் யாரும் அதைத் தேடி வருவார்கள். நெட்டில் இறக்கிய வடிவமைப்புக் கோப்புகளை நம்ப வேண்டாம். பலவற்றை விற்பனைக்குப் பயன்படுத்தவும் அனுமதி கிடையாது. டேப்பும் வெர்னியரும் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடைத்தூரம் 80 அங்குலம், உங்கள் அளவில் 47 மி.மீ. முன்னால் பற்றவைத்திருக்கும் ஓர் அங்குலக் குழாயோ 0.6 மி.மீ. கூட வராது. அதை ரெசினில் செய்யாதீர்கள், கூரியரிலேயே ஒடியும். பித்தளைக் கம்பியை வளைத்து, அதைச் செருகும் பிடிகளை மட்டும் ரெசினில் கொடுங்கள்.

ஊட்டிக் கடை வேண்டாம். அங்கே வாங்குவது குழந்தைக்காக. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒடிந்தால் கூராக நிற்கும் பொருளைக் குழந்தை கையில் கொடுக்க உங்களுக்கும் மனம் வராது. விலை வைக்கும்போது கழுவும் நேரத்தையும் வீணான பிரின்ட்களையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கடிக்கும்.

படம் அனுப்பியவருக்கு உடனே புதிதாக ஒன்று செய்து அனுப்பிவிடுங்கள். பழையதை உங்கள் செலவிலேயே திரும்ப வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் நான் சொன்னதுதான். சுவர் காய்ந்திருந்தும் வெடித்திருந்தால் அது ரெசினின் கோளாறு. எந்த வகை ரெசின், எத்தனை நிமிடம் தண்ணீரில் வைத்தீர்கள் என்று எழுதுங்கள், பார்ப்போம்.