ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு ஓவன் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஞாயிறு காலை எங்கள் வீட்டில் யாருக்கும் அவசரமில்லை. இட்லி, தோசையை விட்டுவிட்டு, வீட்டில் சுட்ட ரொட்டியும் வெண்ணெயுமாக நிதானமாகச் சாப்பிட ஆசை. ஓவன் கிடையாது. குக்கரில் உப்பைக் கொட்டிச் சுடும் வீடியோக்களைப் பார்த்தேன். அப்படிச் செய்யலாமா? இல்லை, ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) வாங்கிவிடட்டுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: ஓடிஜியை நாலு ஞாயிறு தள்ளிப் போடுங்கள். அதற்குள் ஆசை நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நிறைய வீடுகளில் ஓடிஜி இப்போது பிரிட்ஜ் மேல் உட்கார்ந்து பழைய பில்களைப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறது. (எங்கள் வீட்டிலும்தான்.)

ஆனால் தினமும் பருப்பு வேகவைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். குக்கர் தண்ணீரோடு வேலை செய்வதற்கென்று செய்த பாத்திரம். மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வுக்குள் சீக்கிரம் உருகும் உலோகம் வைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றி சூடு ஏறினால் அது உருகி வழிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தண்ணீரே இல்லாமல் முக்கால் மணி நேரம் அடுப்பில் வைத்தால் அது போய்விடலாம், அடியும் வளையலாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டால் வெடிக்காது, சரி. ஆனால் வால்வுக்கும் அடிக்கும் அது காவல் இல்லை. காலியாகச் சூடாக்கக் கூடாது என்று குக்கரோடு வரும் கையேட்டிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும். அதை மீறிக் கெட்டால் வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது.

பதிலாக, பரண் மேல் கிடக்கும் அடிகனமான பழைய இரும்புச் சட்டி போதும். நான்ஸ்டிக் மட்டும் வேண்டவே வேண்டாம். காலியாகச் சூடேறினால் அதன் பூச்சு கெட்டுப் புகையும். சட்டியில் ஓர் அங்குலம் கல் உப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, இறுக்கமான தட்டால் மூடி, பத்து நிமிடம் மிதமான தீயில் காய விடுங்கள்.

முதல் ஞாயிறு ஈஸ்ட் பக்கமே போக வேண்டாம். 250 கிராம் மைதா, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, அரை டீஸ்பூன் உப்பு. அதில் புளித்த தயிரைக் கெட்டி மோராகக் கடைந்து, ஏறக்குறைய 200 மில்லி ஊற்றிப் பிசிறுங்கள். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும். அயர்லாந்துக்காரர்கள் சோடா பிரட் என்று சுடுவது இதைத்தான். சோடா நுரைத்து எழும்ப புளிப்பு வேண்டும். நேற்றைய தயிர் இங்கே வீணாகவில்லை. எண்ணெய் தடவிய தட்டில் வைத்து, காய்ந்த சட்டிக்குள் ஸ்டாண்ட் மேல் இறக்கி மூடி, தீயைக் குறைத்து 40 நிமிடம். குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும். சூடு கீழிருந்து மட்டும் வருகிறது. விறகடுப்புக் காலத்தில் மூடி மேலும் தணலை அள்ளிப் போட்டது இதற்காகத்தான். நாம் கேஸ் அடுப்புக்காரர்கள், ரொட்டியைத் தோசைக்கல்லில் கவிழ்த்து இரண்டு நிமிடம் போட்டால் சிவந்துவிடும்.

நாலு ஞாயிறுக்குப் பிறகும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கடைக்குப் போகும் முன் சமையலறை பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். 1,500 வாட் ஓடிஜி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பாயின்ட் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் தனித்தனியாகப் போட முடிகிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம்: ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்பதுதான் தள்ளுபடியை விடப் பெரிய விஷயம்.

கேள்வி: ஈஸ்ட் பாக்கெட் வாங்கினேன். மாவு உப்பவே இல்லை. கடைக்காரர், "பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டேன்" என்கிறார்.
- வாசகர், ஈரோடு

பதில்: முதலில் குற்றம் யாருடையது என்று பார்ப்போம். கை பொறுக்கும் சூட்டில் கால் டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரைத்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நீங்கள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும்.

நுரைக்கவில்லை என்றால் பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். தேதி முடிந்ததை விற்றிருந்தால், பிரித்தீர்களா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. பில்லும் பாக்கெட்டுமாகப் போய்க் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தேதி இருந்தும் ஈஸ்ட் செத்திருந்தால், கடையில் வெயிலில் கிடந்ததா, உங்கள் அலமாரியில் கிடந்ததா என்று நிரூபிப்பது கஷ்டம். அந்தச் சின்னத் தொகைக்கு நான் அலைய மாட்டேன். இனிமேல் சின்ன பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: வீட்டு மைக்ரோவேவில் ரொட்டி சுடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கன்வெக்‌ஷன் (சூடான காற்றையும் சுழற்றும் வகை) என்று எழுதியிருந்தால் சுடலாம். மைக்ரோவேவ் மட்டுமே உள்ள வெறும் சோலோ என்றால் ரொட்டி வேகும், சிவக்காது, ஆறினதும் ரப்பர்.

கேள்வி: சுடுவதற்கெல்லாம் பொறுமை இல்லை. கடை பிரவுன் பிரட் கோதுமைதானே?
- வாசகர், மதுரை

பதில்: நிறத்தைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அதிகம் சேர்த்த பொருளை முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா என்றும், கடைசியில் நிறமூட்டி 150 என்ற எண்ணும் இருந்தால், அந்தப் பிரவுன் கருக்கிய சர்க்கரையின் பிரவுன்.