பணம் கட்டும் முன், பெட்டி கட்டும் முன்: வெளிநாட்டுப் படிப்புக்கான கேள்வி-பதில்

கேள்வி: முதல் பருவக் கட்டணமாக 8,000 டாலர் அனுப்ப வேண்டும். வங்கி நம் பணத்தில் 1,500 சேவைக் கட்டணம் கேட்கிறது. ஒரு பணப்பரிமாற்ற நிறுவனமோ ‘கட்டணமே கிடையாது’ என்கிறது. நிறுவனத்திலேயே அனுப்பிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். கட்டணம் வாங்காதவர்கள் தங்கள் லாபத்தை மாற்று விகிதத்தில் வைத்திருப்பார்கள். சந்தையில் 1 டாலர் உங்கள் பணத்தில் 100 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 102.50 போடுகிறது. வங்கி 100.80 போட்டு, மேலே 1,500 வாங்குகிறது. நிறுவனத்தில் ஆகும் செலவு 8,20,000. வங்கியில் 8,06,400 + 1,500, ஆக 8,07,900. ‘இலவசம்’ 12,100 கூடுதலாகிவிட்டது. அதனால் இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “பல்கலைக்கழகக் கணக்கில் முழு 8,000 டாலர் சேர, என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்த விகிதம் எத்தனை மணி நேரம் செல்லும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘முழு’ என்பதை விட்டுவிடாதீர்கள். ஸ்விஃப்ட் (உலக வங்கிகளை இணைக்கும் தகவல் வலை) வழியாகப் போகும் பணம் நடுவில் இன்னொரு வங்கியைத் தொட்டுப் போகலாம். அந்த வங்கி தன் கூலியை அதிலேயே கழித்துக்கொள்ளும். 7,975 போய்ச் சேர்ந்தால் நீங்கள் 25 டாலர் பாக்கிக்காரர். அதற்காகவே மாணவர் பதிவு நிற்கலாம். படிவத்தில் ‘செலவு யாருடையது’ என்ற இடத்தில் அனுப்புபவர் பொறுப்பு என்பதைக் குறியுங்கள். குறிப்பு வரியில் பெயரோடு மாணவர் எண்ணையும் எழுதுங்கள். அது இல்லாத பணம் யாருடையது என்று தெரியாமல் வாரக்கணக்கில் கிடக்கும்.

பல்கலைக்கழகத்தின் கணக்கு எண்ணை அதன் இணையதளத்தில் உங்கள் மாணவர் கணக்குக்குள் நுழைந்து எடுங்கள். “வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று மின்னஞ்சல் வந்தால், தொலைபேசியில் விசாரிக்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். “என்னிடம் கொடுங்கள், 10 சதவீதம் குறைத்துக் கட்டித் தருகிறேன்” என்பவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. திருட்டு வங்கி அட்டையில் கட்டி ரசீதும் காட்டுவார்கள். அட்டைக்காரர் புகார் செய்ததும் அந்தப் பணம் திரும்பிப் போய்விடும். நீங்கள் இரண்டாம் முறை கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: ‘எல்லா நாட்டுக்கும் பொருந்தும்’ அடாப்டர் ஒன்று வாங்கினால் ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் கொண்டுபோகலாமா?

அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பொருளின் அடியில் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்றிருக்கும் வரியைப் பாருங்கள். ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அடாப்டர் போதும். லேப்டாப், போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ‘220-240’ மட்டும் இருந்தால் போகும் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், ஜப்பானில் 100. 240 வோல்ட்டில் 1,200 வாட் தரும் இஸ்திரிப் பெட்டி, 120 வோல்ட்டில் 300 வாட்தான் தரும். வோல்ட் பாதியானால் ஓடும் மின்சாரமும் பாதியாகி, சூடு கால் பங்குக்கு இறங்கிவிடும். துணிச் சுருக்கம் அசையாது. 120 வோல்ட் பொருளை 240-இல் சொருகினால் இதே கணக்கு தலைகீழாகும்: நான்கு மடங்கு சூடு, உடனே கருகிவிடும்.

வோல்ட்டை மாற்றும் கன்வெர்ட்டர், அதுவும் 1,200 வாட்டைத் தாங்குவது, பெட்டியின் எடையில் நல்ல பங்கைத் தின்றுவிடலாம். சூடாக்கும் சாமான்களை விட்டுவிட்டுப் போய் அங்கே வாங்குங்கள். சில விடுதிகளில் அவற்றுக்கு அனுமதியே இல்லை, அதையும் விசாரியுங்கள். எல்லா நாட்டு அடாப்டரைவிட, போகிற நாட்டுக்கென உள்ள சாதாரண அடாப்டர் இரண்டு உறுதியாக நிற்கும். பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என்றால் மூன்று செவ்வகப் பின் கொண்ட ‘ஜி’ வகை.

கேள்வி: லேப்டாப்பை இங்கேயே வாங்கலாமா, அங்கே போயா?

உத்தரவாதம்தான் முதல் கேள்வி. ‘சர்வதேச உத்தரவாதம்’ என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. அந்த மாடலின் உத்தரவாத அட்டையில் இருக்க வேண்டும். அங்கே வாங்கினால் மாணவர் விலை கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் ஜெர்மனியில் விசைப்பலகையில் ‘ஒய்’யும் ‘இசட்’டும் இடம் மாறியிருக்கும்; பிரான்சில் இன்னும் பல எழுத்துகள் மாறும். வாங்கும் முன் உங்கள் துறை கேட்கும் மென்பொருள் பட்டியலைப் பாருங்கள். சில பொறியியல் மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

கேள்வி: எந்த அளவு சூட்கேஸ்?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. காலிப் பெட்டியின் எடையைக் கேட்டு வாங்குங்கள். 23 கிலோதான் அனுமதி என்றால், 5 கிலோப் பெட்டியில் உங்கள் சாமானுக்கு 18 கிலோதான். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை, 20,000 எம்.ஏ.எச். என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. அளவு அச்சிடாத மலிவுச் சரக்கைச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

கேள்வி: கல்லூரிக்குப் பக்கத்தில் பாதி வாடகைக்கு அறை. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறாராம். முன்பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். நம்பலாமா?

வேண்டாம். ஏமாற்று வேலையின் பழைய அச்சு இது. விளம்பரப் படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறு ஊரில் வேறு பெயரில் அதே சமையலறை வந்தால் சங்கதி முடிந்தது. நேரலையில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்: தெருவிலிருந்து தொடங்கி, கதவைத் திறந்து, குழாயைத் திருப்பிக் காட்டட்டும்.

முன்பணத்துக்குச் சட்ட வரம்பு உண்டா என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு 5 வார வாடகைதான் உச்சம். ஜெர்மனியில் வெப்பம், தண்ணீர் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் 3 மாதம். அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். சந்தேகம் தீரவில்லையென்றால் முதல் இரண்டு வாரத்துக்குப் பல்கலைக்கழக விடுதியிலோ தற்காலிக அறையிலோ இடம் பிடித்துவிட்டு, நேரில் பார்த்தபின் முன்பணம் கொடுங்கள்.