கேழ்வரகுப் பை

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரு கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தால் மார்பகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். அப்பா, மாமா, நான் மூவரும் பேசி, முழுசாக எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த வயதில் அழகு எதற்கு? அன்றிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. மனதைத் தேற்ற அவருக்கு என்ன படிக்கக் கொடுக்கலாம்? முள்சீத்தாப் பழம் சாப்பிட்டால் புற்றுநோய் குணமாகும் என்கிறார்களே?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

முள்சீத்தா ஒரு பழம். பிடித்தால் சாப்பிடட்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார். அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை.

என் பெரியம்மாவுக்கு 1984இல் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. வராந்தாவில் நின்று ஆண்கள் முடிவு செய்தார்கள், பெரியப்பா கையெழுத்துப் போட்டார். மார்பகத்தோடு அக்குளில் இருந்த நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், வழித்து எடுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் பெரியம்மா தன் பாடிக்குள் ஒரு துணிப்பை தைத்துப் பஞ்சை அடைத்தார். பஞ்சு லேசு, நடக்க நடக்க மேலே ஏறிவிடும். அப்புறம் நடுவில் இரண்டு பிடி கேழ்வரகு வைத்துத் தைத்தார். கனம் நின்றது. ஆனால் வியர்வையில் நாற்றம் வந்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் தையலைப் பிரித்து, பழசை மொட்டைமாடியில் குருவிக்குப் போட்டுவிட்டுப் புதுசு வைப்பார். அவருக்கும் அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் அழகு எதற்கு என்று அவரிடமும்தான் சொன்னார்கள். அழகுக்கா தைத்தார்? ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். நெறிகளை எடுத்ததால் அடுத்த வருஷம் கை வீங்கி, வளையலை அறுத்துத்தான் எடுத்தார்கள். இப்போது முதல் ஒன்றிரண்டு நெறியை மட்டும் எடுத்துப் பார்த்து, நோய் இல்லையென்றால் மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

முழுசாக எடுத்தால் பயமில்லை என்று எழுதாமலே எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பால்டிமோரில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், புற்று வேர் விடுவது போல அக்கம்பக்கமாகவே பரவும் என்று நினைத்து நெஞ்சுத் தசையையும் சேர்த்து வெட்டினார். உலகமே அவர் வழியில் வெட்டியது. இத்தாலியில் மிலான் நகரத்து சர்ஜன் வெரோனேசி 1973இல் தொடங்கி 701 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். எல்லோருக்கும் இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் கட்டி, உங்கள் அம்மாவுக்கு இருப்பது போல. ஒரு பாதிக்கு முழு அறுவை, மறுபாதிக்கு மார்பகத்தில் கட்டி இருந்த கால்வாசியை மட்டும் எடுத்து ரேடியேஷன். அமெரிக்காவில் ஃபிஷர் என்ற சர்ஜனும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். இருபது வருஷக் கணக்கை இருவருமே 2002இல் வெளியிட்டார்கள். காப்பாற்றிய மார்பில் நோய் திரும்புவது சற்று அதிகம், உண்மை. உயிர் பிழைத்ததில் வித்தியாசமே இல்லை. ஏனென்றால் ஆளைக் கொல்வது மார்பில் இருக்கும் கட்டி இல்லை, முன்பே ரத்தத்தில் கிளம்பிப் போய்விட்ட செல்கள். அவற்றைக் கத்தியால் துரத்த முடியாது. கீமோவும் மாத்திரையும் அதற்குத்தான். பெரியம்மாவுக்குக் கத்தி விழுவதற்கு மூன்று வருஷம் முன்பே, 1981இல், மிலானின் முதல் முடிவு அச்சில் வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

முழுசாக எடுக்கவும் நியாயங்கள் உண்டு. பல இடத்தில் கட்டி இருக்கலாம், மூன்று முதல் ஐந்து வாரம் ரேடியேஷனுக்கு அலைய முடியாமல் போகலாம். அம்மாவே "எடுத்துருங்க, நிம்மதி" என்றாலும் சரிதான். அதை அவர் சொல்ல வேண்டும்.

"இந்த வயதில்" என்பதுதான் தாங்கவில்லை. 1980களில் சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது, இன்று மார்பகம். 2022இல் மட்டும் நாடு முழுக்க சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது என்று மதிப்பீடு. மேல்நாட்டை விட இங்கே ஏறக்குறைய பத்து வயது முன்னாலேயே வருகிறது. குணமாகி இன்னும் முப்பது வருஷம் குளிக்கவும் புடவை கட்டவும் கண்ணாடி பார்க்கவும் போகிறவர் அவர், தம்பி. நீங்களோ மாமாவோ இல்லை.

படிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். அடுத்த தடவை டாக்டர் அறைக்கு அம்மாவோடு நீங்கள் மட்டும் போங்கள், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு. அம்மா கேட்கட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மாமா வெளியே டீ குடிக்கட்டும்.