கட்டிலும் தலைமாட்டுப் பலகையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி (வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி): என் மாமியாருக்கு வயது 72. இத்தனை காலமும் தரையில் பாய் விரித்துப் படுத்தவர். முழங்கால் வலியால் இப்போது எழ முடியவில்லை. கடைகளிலோ, அடியில் பெட்டியும் தலைமாட்டில் மெத்தையும் வைத்த பெரிய கட்டில்களையே காட்டுகிறார்கள். அவருடைய அறை 10க்கு 9 அடி. பழைய வீடாதலால் சுவரில் ஈரம் ஏறுகிறது. எதை வாங்குவது?

பதில்: கடைக்குப் போகுமுன் மாமியாரை ஒரு நாற்காலியில் பாதம் தரையில் முழுவதும் பதியும்படி உட்கார வைத்து, தரையிலிருந்து அவருடைய முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 15 அல்லது 16 அங்குலம் இருக்கும். மூட்டுவலி உள்ளவருக்கு அதைவிட ஓரிரு அங்குலம் உயரமான இருக்கையிலிருந்து எழுவது எளிது என்பதால், மெத்தையின் மேற்பரப்பு ஏறத்தாழ 18 அங்குல உயரத்தில் அமைந்தால் போதும். 14 அங்குலக் கட்டிலின்மேல் 8 அங்குல மெத்தையைப் போட்டால் 22 அங்குலமாகி, கால் அந்தரத்தில் தொங்கும். நள்ளிரவில் கழிவறைக்கு எழுபவருக்கு அது ஆபத்து. ஆகவே மெத்தையின் கனத்தை முதலில் முடிவு செய்து, அதைக் கழித்துக் கட்டிலின் உயரத்தைச் சொல்லிச் செய்துகொள்வதே முறை. அவர் ஒருவர் மட்டும் படுப்பதானால் ஆறேகால் அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் தாராளம்; மிஞ்சும் இடம் அவர் தடுமாறாமல் நடக்க உதவும்.

பெட்டிக் கட்டிலை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். உறங்குபவரின் வியர்வை மெத்தைக்குள் இறங்கி, அடிப்பக்கமாகக் காற்றில் உலர வேண்டும். துளையில்லாத பலகை அடியில் இருந்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் மெத்தையின் அடிப்புறம் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். இரண்டு விரல்கடை இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த, நாலு காலில் நிற்கும் கட்டிலே கடற்கரை ஊருக்கு ஏற்றது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை நீரில் ஊறி உப்பினால் மறுபடி இறுகாது. திருகாணியும் அதில் நிற்காது.

தலைமாட்டுப் பலகையை அழகுக்கான உறுப்பாக மட்டும் பார்க்காதீர்கள். வயதானவர் காப்பி குடிப்பதும், மாத்திரை போடுவதும், இரவில் இருமல் வந்தால் நிமிர்ந்து உட்காருவதும் அதில் சாய்ந்துதான். மெத்தைக்கு மேலே 20 அங்குலமாவது அது உயர்ந்திருந்தால்தான் தோள்பட்டை வரை தாங்கும். கனமான மெத்தை போட்ட பிறகு பலகையில் பாதி மறைந்துபோவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். துணி தைத்த தலைமாடு தேங்காய் எண்ணெயை உறிஞ்சும். கழற்றித் துவைக்கவும் முடியாது. செயற்கைத் தோலோ நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியும். மரச்சட்டமோ பிரம்புப் பின்னலோ வைத்து, உறையைக் கழற்றித் துவைக்கக்கூடிய திண்டு ஒன்றைச் சாய்த்துவிடுங்கள். அவர் இறங்கும் பக்கத்துத் தலைமாட்டுக் காலைக் கைப்பிடி போலச் சற்று உயர்த்திச் செய்யச் சொல்லுங்கள். பிடித்து எழ அது பேருதவி. ஈரச் சுவரிலிருந்து கட்டிலை மூன்று அங்குலமாவது தள்ளிப் போடுங்கள்.

கேள்வி (வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்): இரும்புக் கட்டில் இரண்டே ஆண்டில் துருப்பிடித்துவிட்டது. தேக்குதான் வாங்க வேண்டுமா?

பதில்: உப்புக் காற்றில் துரு முதலில் பிடிப்பது, பற்றவைத்த இடங்களிலும், வண்ணப்பூச்சு எட்டாத குழாயின் உட்புறத்திலும்தான். மரத்துக்கு மாறுவது நல்லதே. ஆனால் தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இளந்தேக்கின் வெளுத்த வெள்ளைப் பகுதியை வண்டும் கரையானும் விடுவதில்லை. வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கே தேக்கின் பெருமை உரியது. சாயம் பூசுமுன் மரத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பக்கத்திலேயே பண்ருட்டிப் பலா இருக்கிறது. தஞ்சாவூர் வீணை செய்யத் தேடி வாங்கும் மரம் அது. நன்றாக உலர்ந்த முதிர்ந்த பலா கிடைத்தால் தயங்காமல் கட்டில் செய்யலாம்.

மரம் எதுவானாலும் முதலில் தளர்வது, பக்கச்சட்டம் தலைமாட்டோடு சேரும் மூலைகள்தான். அங்கே சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் அது துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் அரித்து, புரண்டு படுக்கும்போதெல்லாம் கட்டில் கிரீச்சிடும். 304 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியாவது கேளுங்கள். கடலை ஒட்டிய வீட்டுக்கு 316 தரம் இன்னும் நல்லது. வாங்குமுன் தலைமாட்டை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுவது வீட்டுக்கு வந்தபின் நிற்காது.

கேள்வி (வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்): வடக்கே தலை வைக்கக் கூடாது என்கிறார் அப்பா. கிழக்கில் ஜன்னல் இருக்கிறது. தலைமாட்டை அங்கே வைக்கலாமா?

பதில்: "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு" என்று வழங்கும் வாக்கை மனத்தில் வைத்துத்தான் உங்கள் அப்பா சொல்கிறார், அதை மதித்தே செய்யலாம். கிழக்கு ஜன்னல்தான் உங்களுக்குக் கடற்காற்றைத் தருவது. ஆகவே அங்கே அடைத்த பலகை கூடாது. ஜன்னலின் அடிவிளிம்பைத் தாண்டாத தாழ்வான தலைமாடோ, காற்று நுழையும் கம்பித் தலைமாடோ போதும். கட்டிலின் நான்கு மூலையிலும் கொசுவலைக் கழி செருகத் துளை விடச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து உறங்க அது வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பக்கமிருந்துதான் சாரல் அடிக்கும் என்பதால், அந்த மாதங்களில் கட்டிலை ஓர் அடி உள்ளே இழுத்துப் போட அறையில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத் தச்சரிடம் அளவு கொடுங்கள்.