கேள்வி: வெள்ளைக் குதிரையைச் 'சாம்பல் நிறம்' என்று பதிவு செய்கிறார்களே, ஏன்?

மூக்கைப் பாருங்கள். மூக்கு நுனியிலும் கண்ணைச் சுற்றியும் தோல் கறுப்பாக இருந்தால், உடம்பு பால்போல வெளுத்திருந்தாலும் அது சாம்பல் குதிரைதான். பிறவி வெள்ளைக்குத் தோலே இளஞ்சிவப்பு, அது அரிது. (முகத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் தோல் சிவந்திருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.)

சாம்பல் குதிரை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து பிறகு நரைக்கும். வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் வித்தை காட்டும் லிப்பிசானர் இனக் குதிரைகள் குட்டியாக இருக்கையில் கரிக்கட்டை நிறம். பெரும்பாலும் 6 முதல் 10 வயதுக்குள் வெளுத்துவிடும். முதுமை காரணமல்ல. எஸ்டிஎக்ஸ்17 மரபணுவில் ஒரு துண்டு இரட்டித்திருப்பதுதான் காரணம்; தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அதே மாற்றம் மெலனோமா என்னும் தோல் நிறமிக் கட்டிகளுக்கும் வழிவிடுகிறது. வயதான சாம்பல் குதிரையின் வாலடியில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது நல்லது.