வாங்குமுன் கேளுங்க: சிப்ஸ், சீட்டுக்கட்டு, அப்புறம் அந்த ரேக்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல போக்கர் சமாச்சாரம். நீளமா எழுதினவங்க கோச்சுக்காதீங்க, வெட்டித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: '14 கிராம் ஒரிஜினல் க்ளே' (களிமண்)ன்னு போட்டிருந்த 500 சிப்ஸ் செட், ஆட்டத்துல காசுக்கு பதிலா வைக்கற வில்லை, ஆன்லைன்ல வாங்கினேன். ஒண்ணு கீழ விழுந்து உடைஞ்சுது, பாத்தா உள்ள இரும்புத் தகடு. ஏமாந்துட்டேனா? (கோயம்புத்தூர்)

பதில்: க்ளேன்னு போட்டது பொய்தான். மலிவு செட்டெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக் கலவைக்குள்ள எடைக்காக தகடு வெச்சு அடிக்கறதுதான். விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு ரிட்டர்ன் போடுங்க, மாட்டேன்னா 1915க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண், அடிச்சு புகார் குடுங்க. அடுத்த தடவை வாங்கறப்போ எடையை விட்டுட்டு சிப் மேல நம்பர் இருக்கான்னு பாருங்க. நான் மொதல்ல வாங்கின செட்ல 5000, 10000னு அச்சடிச்சிருந்துச்சு, நாங்க ஆடினதோ அஞ்சு ரூபா பத்து ரூபா ஆட்டம், ஒவ்வொரு கைக்கும், அதான் ஒவ்வொரு சுத்துக்கும், 'இது எவ்ளோப்பா'ன்னு பஞ்சாயத்து, இப்ப அது பரண்ல கிடக்கு. நம்பர் இல்லாத செட்னா கலருக்கு நாமளே விலை வெச்சுக்கலாம்.

கேள்வி: 'ஷார்ட் டெக் போக்கர் கட்டு'ன்னு 700 ரூபாய்க்கு வாங்கினேன், 36 சீட்டுதான் இருக்கு, மிச்சம் காணோம். (சேலம்)

பதில்: ஷார்ட் டெக்னாலே 36தான். வீட்ல இருக்கற சாதா கட்டுல ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் 16 சீட்டை உருவிப் போட்டிருந்தா 700 மிச்சம். இதுல ஃபுல் ஹவுஸை (ஒரே நம்பர்ல மூணு, இன்னொரு நம்பர்ல ரெண்டு) ஃப்ளஷ் (அஞ்சும் ஒரே குறி) அடிக்கும், அதையாவது தெரிஞ்சுக்கிட்டு உக்காருங்க.

கேள்வி: ஓமாஹா ஆட்டம். டேபிள்ல எல்லாருக்கும் பொதுவா விரிச்ச சீட்டுல நாலு ஸ்பேடு, என் கைல ஸ்பேடு ஏஸ் மட்டும். ஃப்ளஷ் இல்லன்னு சொல்லி 4,000 ரூபாயை எடுத்துக்கிட்டாங்க. கேஸ் போடலாமா? (திருச்சி)

பதில்: ஃப்ளஷ் இல்லதான். ஓமாஹால கைல இருக்கற நாலுல சரியா ரெண்டு, டேபிள்ல மூணு, இதுல மாத்தமே கிடையாது. கைல ரெண்டே சீட்டு வர்ற ஹோல்டம் ஆட்டத்துல கைல இருந்து ஒண்ணு போட்டாலும் செல்லும், அதையே இங்கயும் நினைச்சுட்டீங்க. ரூல் கேக்காம 4,000 ரூபா கட்டினதுக்கு யார் மேல கேஸ் போடறது?

கேள்வி: பாட்டுல, அதான் நடுவுல சேந்த பணத்துல, 100 இருந்துச்சு, எனக்கு முன்னாடி ஆள் 50 கட்டினார். நான் 'பாட்'னு சொன்னேன், 250 வைக்கச் சொல்றாங்க. 150 தானே வரணும்? (ஈரோடு)

பதில்: பாட் லிமிட் ஆட்டம்னா 250 சரி. மொதல்ல நீங்க அவரோட 50ஐ கால் பண்ணதா, அதான் அதே 50ஐ நீங்களும் கட்டினதா கணக்கு, அப்ப பாட் 200 ஆயிடுது, அந்த 200தான் நீங்க ஏத்தக்கூடிய ரெய்ஸ். அவர் திரும்ப பாட்னு சொன்னா 800 எடுத்து வைப்பார். பேர்ல லிமிட்னு இருக்கேன்னு சின்ன ஆட்டம்னு நினைக்காதீங்க. பர்ஸ் சின்னதுன்னா ஃபிக்ஸட் லிமிட் ஆடுங்க, அதுல ஒவ்வொரு ரவுண்டுக்கும் இவ்ளோதான் ஏத்தலாம்னு மொதல்லயே முடிவு.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல ஒருத்தர் வீட்ல வாராவாரம் ஹோல்டம். 9 பேர், ஆளுக்கு 2,000. ஒவ்வொரு பாட்டுலயும் 10 பர்சன்ட் வீட்டுக்காரர் எடுத்துப்பார், டீ பிரியாணி செலவுக்காம். நான் நல்லாதான் ஆடறேன், ஆனா யார் கைலயும் காசு நிக்கல. (சென்னை)

பதில்: இப்படி ஒரு லெட்டருக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். உக்காருங்க, கணக்கு போடலாம். டேபிள்ல மொத்தம் 18,000. மணிக்கு ஒரு 20 கை, பாட் சராசரியா 600னு வைங்க, கைக்கு 60, மணிக்கு 1,200, அஞ்சு மணி நேரத்துல 6,000. மூணுல ஒரு பங்கு! ஒன்பது பேருக்கு அப்படி என்ன பிரியாணி? சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட்னு ரெண்டு பேர் கட்டாயமா கட்டறாங்களே, அது ஆட்டத்துக்குள்ளயே சுத்தி யாராவது ஒருத்தர்கிட்ட சேரும். வீட்டுக்காரர் எடுக்கற அந்த 10 பர்சன்ட், அதுக்குப் பேர்தான் ரேக், அப்படி இல்ல, வீட்டுக்காரர் டப்பாக்குள்ள போனா போனதுதான், அவர் சீட்டையே தொடாம வாராவாரம் ஜெயிச்சுக்கிட்டிருக்கார், நீங்க மத்த எட்டு பேரை விட கொஞ்சம் நல்லா ஆடறதெல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது. பெரிய கார்டு ரூம்கள்லயே பொதுவா 5 பர்சன்ட் மாதிரிதான், அதுக்கும் ஒரு பாட்டுக்கு இவ்ளோதான்னு உச்சவரம்பு, ஃப்ளாப் (டேபிள்ல மொதல்ல விரிக்கற மூணு சீட்டு) வராம முடிஞ்ச கைக்கு பல இடத்துல எடுக்கறதே இல்ல. நம்ம ஆளுங்க மிக்ஸி வாங்கினா வாரண்டி கேப்பாங்க, ஆட்டத்துல உக்காரும்போது ரேக் எவ்ளோ, உச்சவரம்பு உண்டான்னு ஒருத்தர் கூட கேக்கறதில்ல. இன்னொண்ணு, லாபத்துக்கு வீட்ல சீட்டாட்டம் நடத்தினா அது 1930ம் வருஷ தமிழ்நாடு கேமிங் சட்டத்துல போய் மாட்டற சங்கதி, போலீஸ் வந்தா ஆடினவங்களையும் சேத்துத்தான் அள்ளும். பிரியாணிக்கு தனியா ஆளுக்கு 250 போடுங்க, பாட்டைத் தொடாதேன்னு சொல்லுங்க. மாட்டேன்னா எந்திரிச்சு வாங்க.

கேள்வி: கோவால கப்பல் கேசினோ போனோம். பேக்கேஜ்ல குடுத்த ஃப்ரீ சிப்ஸ் மிச்சமாச்சு, காசாக்க மாட்டேன்னுட்டாங்க. போக்கர்னு போர்டு வெச்ச டேபிள்ல மூணு சீட்டு குடுத்து டீலர்கூட ஆட விட்டாங்க. (மதுரை)

பதில்: அது 'ஒன் டைம் ப்ளே' சிப்ஸ், கட்டி ஆட மட்டும்தான். டிக்கெட் வாங்கறப்பவே காசாகற சிப் எவ்ளோன்னு கேட்டிருக்கணும். டேபிள் த்ரீ கார்ட் போக்கர்: மொதல்ல ஆன்டி, அதான் சீட்டு வர்றதுக்கு முன்னாடி பணம், கட்டணும், சீட்டைப் பாத்துட்டு ஒண்ணு ஃபோல்டு (விட்டுடறது), இல்லன்னா அதே அளவு இன்னொரு தடவை கட்டணும். டீலருக்கு குயீன் கூட வரலைன்னா ஆன்டிக்கு மட்டும்தான் காசு, ரெண்டாவதா கட்டினது சும்மா திரும்பி வரும். நம்ம ஊர் மூணு சீட்டுல சீட்டைப் பாக்காம பிளைண்டா ஆடறவன் பாத்து ஆடறவனை விட பாதி கட்டி மிரட்டலாம், இங்க டீலரை மிரட்டவே முடியாது.

கேள்வி: வாட்ஸ்அப் ஏஜெண்ட் மூலமா ஒரு போக்கர் ஆப்ல ஆடினேன். ஜெயிச்ச 22,000 எடுக்கணும்னா 8,000 டாக்ஸ் கட்டச் சொன்னாங்க, கட்டினேன். இப்ப இன்னொரு 8,000 கேக்கறாங்க. வீட்ல சொல்லல. (தஞ்சாவூர்)

பதில்: இனி ஒரு பைசா அனுப்பாதீங்கம்மா. டாக்ஸ்னா ஜெயிச்ச காசுல பிடிச்சுட்டு மிச்சம் தருவாங்க, ஏஜெண்ட்டுக்கு முன்கூட்டி கட்டற டாக்ஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. உடனே 1930க்கு போன் போடுங்க, சைபர் குற்ற உதவி எண் அது, பணம் அனுப்பின யுபிஐ நம்பர், சாட் எல்லாத்தையும் அழிக்காம வெச்சிருங்க. காசு கட்டற ஆன்லைன் ஆட்டத்தையே மத்திய அரசு 2025 சட்டத்துல தடை பண்ணிடுச்சு, அதுல தண்டனை நடத்தறவனுக்கும் விளம்பரம் பண்றவனுக்கும் பணப் பரிவர்த்தனைக்கு உதவறவனுக்கும்தான், ஆடினவங்களுக்கு இல்ல, அதனால புகார் குடுக்க தயங்காதீங்க. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க, திரும்ப மிரட்டி போன் பண்ணுவாங்க, அப்ப பக்கத்துல ஆள் வேணும்.

கேள்வி: நல்ல கை வந்ததும் நண்பர் ஜிபே பண்ணி நடுவுல சிப்ஸ் வாங்கி ஏத்தறார். சரியா? (வேலூர்)

பதில்: கூடாது. கை ஆரம்பிக்கறப்போ முன்னாடி இருந்த சிப்ஸ் மட்டும்தான். அது எல்லாத்தையும் கட்டித் தீந்துட்டா ஆல்-இன், மத்தவங்க அதுக்கு மேல கட்டறது தனியா ஒரு சைட் பாட், அதுல அவருக்கு பங்கு இல்ல. அடுத்த கைக்கு முன்னாடி எவ்ளோ வேணா வாங்கிக்கட்டும்.