நிழலின் ஓரம் ஏன் மங்குகிறது?

கேள்வி: ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரிலுள்ள பெரிய சூரிய கடிகாரம் இரண்டு விநாடி வரை துல்லியமாக நேரம் காட்டும் என்றார்கள். பிப்ரவரியில் நேரில் பார்த்தபோது, அது என் கைக்கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது; நிழலின் ஓரமும் தெளிவாக இல்லை. பழுதாகிவிட்டதா?

பதில்: பழுது ஏதுமில்லை. நம் கைக்கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ 27 நிமிடம் தாமதமாகும். பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் பிப்ரவரி நடுவில் இதனுடன் இன்னும் 14 நிமிடம் சேர்க்கும். நவம்பர் தொடக்கத்திலோ 16 நிமிடம் கழிக்கும்.

ஓரம் மங்கலாகத் தெரிவதுதான் ஆழ்ந்து பார்க்க வேண்டிய செய்தி. 18ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் எழுப்பிய இந்தச் சாம்ராட் யந்திரத்தின் உயரம் ஏறத்தாழ 27 மீட்டர். நடுச்சுவரின் சாய்ந்த விளிம்பு துருவத்தை நோக்கியிருப்பதால், இருபுறமுள்ள கால்வட்ட வில்களில் நிழல் சீராக நகர்கிறது. காலையில் மேற்கு வில்லில் இறங்கி, பிற்பகலில் கிழக்கு வில்லில் ஏறுகிறது. வில்லின் ஆரம் சுமார் 15 மீட்டர் என்பதால் நிழல் மணிக்கு 4 மீட்டர் ஊர்கிறது. ஓரத்தருகே கையை வைத்துக் காத்திருந்தால், ஒரு நிமிடத்தில் நான்கு விரல் அகலம் நகர்ந்திருக்கும்.

ஆனால் சூரியன் ஒரு புள்ளியன்று, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதன் ஒரு பகுதி மட்டும் சுவருக்குப் பின்னே மறைந்திருக்கும் இடங்களில் புறநிழல் விழுகிறது. 15 மீட்டர் தொலைவில் அதன் அகலம் சுமார் 14 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறு கடிகாரத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் கண்ணுக்குப் படுவதில்லை. இரண்டிலுமே அந்த மங்கல் பட்டை ஏறத்தாழ இரண்டு நிமிட நேரத்துக்குச் சமம் என்பதை மறக்கக் கூடாது. கருவியைப் பெரிதாக்கினால் கோடுகளுக்கு இடையே இடம் விரியும். மங்கலும் உடன் விரியும். ஆகவே அளவு மட்டுமே துல்லியம் தந்துவிடாது, படிக்கும் முறையும் வேண்டும்.

அந்த முறை மிக எளியது. வில்லின் பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, நிழலின் ஓரத்துக்கு இணையாக மெல்லிய நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். வெயிலில் நூலின் நிழல் கறுப்பாகத் தெரியும். புறநிழலுக்குள் நகர்த்த நகர்த்த அது வெளிறி, ஓரிடத்தில் முற்றிலும் மறையும். அவ்விடத்தைக் குறித்து, சூரியத் தட்டின் அரை அகலத்துக்குரிய ஒரு நிமிடத்தைச் சரிசெய்தால், சில விநாடிகளுக்குள் நேரத்தைப் படித்துவிடலாம்.